உயிரோடிருப்பவளுக்கு ஒரு பூசை

அம்பிட்டிய
04.03.2024

மனைவியை இழந்து வாடும் கிளறன்ஸ் அவர்களுக்கு,

உங்கள் மறைந்த மனைவி பியட்றிஸ் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். இந்த ஒரு வரியே உங்களுக்குத் துக்கச் செய்தி என்று தெரியும். தெரிந்துதான் அதை முதலில் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தேன். வாசலில் ருக்கியா டீச்சர். உங்களுக்குத் தெரிந்தவள்தான், நீங்கள் இப்போது இருக்கிற கலகெதரயிலிருந்து பஸ் ஏறி வந்து என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவள். வெள்ளை உடுத்து, அழுது வீங்கிய முகத்தோடு, செத்த வீட்டுக்குக் கொண்டுபோகிற சீனிப் பையும் கையுமாக நின்றாள். என்னைக் கண்டதும் பை கீழே விழுந்து உடைந்தது.

"யா அல்லாஹ்! டீச்சர், நீங்க மௌத்தாகிட்டீங்கன்டு எங்கட ஊரெல்லாம் கத. ஞாயித்துக்கெழம கோயில்ல பூசையும் வெச்சிட்டாங்களாமே!"

"யாரு வெச்சது?"

"வேற யாரு, உங்கட மாப்புளதான்."

சிந்திய சீனியை இரண்டு பேருமாக அள்ளினோம். அதிலேயே தேத்தண்ணி ஊற்றினேன். தன் சாவு வீட்டுத் தேத்தண்ணியைத் தானே குடித்தவள் இந்தக் கண்டியில் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. ருக்கியா அன்று பின்னேரமே ஊருக்குப் போய், கோயில் சாவி வைத்திருக்கிறவரின் மனைவியிடம் எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு வந்தாள்.

ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். பெப்ரவரியில் மருந்தால் என் இரத்தம் குறைந்து காய்ச்சல் வந்தது. பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தேன். எங்கள் பாதர் வந்து நோயில் பூசுதல் கொடுத்தார். இப்போது அதை ஒப்பரேஷனுக்குப் போகிறவர்களுக்குக்கூடக் கொடுக்கிறார்கள். ஆனால் உங்கள் அக்கா செசிலியாவுக்கு அது இன்னும் சாகக் கிடப்பவர்களுக்கான எண்ணெய்தான். பக்கத்துக் கட்டிலில் யாரையோ பார்க்க வந்த அக்கா, பாதரின் கையில் எண்ணெய்ச் சிமிழைக் கண்டதும் உங்களுக்குப் போன் எடுத்திருக்கிறார். ஞாயிறு எனக்கு ஆத்ம இளைப்பாற்றிப் பூசை. திங்கட்கிழமை நீங்கள் உங்கள் ஊர்ப் பாதரிடம் போய் உங்களுக்கும் லிண்டாவுக்கும் எப்போது கோயிலில் கல்யாணம் முடிக்கலாம் என்று கேட்டீர்கள். அவர் என் மரண அத்தாட்சிப் பத்திரத்தைக் கேட்டார். பாவம், அது மட்டும் உங்களிடம் இல்லை.

கிளறன்ஸ், போன வருஷம் ஏப்ரலில் என் தலையைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். அது மூளையில் வருகிற கட்டிகளிலேயே மிகவும் பொல்லாதது என்று நம் இரண்டு பேரையும் உட்கார வைத்துத்தான் சொன்னார்கள். பிறகு ஒளிக்கதிர். அது முடிந்து உடம்பெல்லாம் எரிந்துகொண்டு நான் கிடந்த ஓகஸ்ட் மாதத்தில், ஆஸ்பத்திரி மணம் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லிப் புறப்பட்டீர்கள். உங்கள் கடைக் காசுப் பெட்டியில் இருக்கிற லிண்டாவின் மணம் ஒத்துவந்தது. போனதுதான் போனீர்கள், என் கட்டிலுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை ஏன் கழற்றிக்கொண்டு போனீர்கள்? படுத்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதிரையில் ஏறி, ஆணி கீழே விழாமல், எவ்வளவு கவனமாகக் கழற்றினீர்கள்.

போனில் உங்களைத் தடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் குரலைக் கேட்கும் உத்தேசம் இல்லை. சொல்ல ஏதும் இருந்தால் எழுதுங்கள். கடிதத்தை எப்போது திறப்பது என்பதாவது என் கையில் இருக்கட்டும்.

உயிரோடு,
பியட்றிஸ்


கலகெதர
12.03.2024

அன்புள்ள பீட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆண்டவர் கிருபையால் நீ சுகமாக இருப்பதை அறிந்து மனம் நிறைந்தது. நம்பமாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன்.

நடந்தது தவறுதான். ஆனால் நீ நினைப்பதுபோல் இல்லை. அக்கா போனில் அழுதா. "அவஸ்த பூசிட்டாங்க தம்பி, பொழுது தாண்டாது" என்றா. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உனக்கு நல்ல மரணம் கிடைக்க வேண்டும் என்று பூசைக்குக் கொடுக்கத்தான் போனேன். பாதர், "போயிட்டாங்களா?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். தலையை ஆட்டிவிட்டேன் போலிருக்கிறது. அவர் ஞாயிற்றுக்கிழமை அப்படி வாசித்ததும் எழுந்து நின்று இல்லை என்று சொல்ல முடியுமா? கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

கல்யாண விஷயம் பொதுவாகத்தான் விசாரித்தேன். அதைப் பெரிதாக எடுக்காதே.

ஆறு முறை மருந்து என்று சொன்னார்கள், அது முடிந்துவிட்டது அல்லவா? இனி உடம்பை வருத்தாதே. எத்தனை ஊசி, எத்தனை குளிசை, நீ பட்டது போதும். மிச்சத்தை ஆண்டவர் கையில் விட்டுவிட்டு நிம்மதியாக இரு. விசிறியைப் பஸ்ஸில் போட்டு அனுப்பவா?

அன்புடன்,
கிளறன்ஸ்


அம்பிட்டிய
25.03.2024

கிளறன்ஸ் அவர்களுக்கு,

நல்ல மரணமா? என் மரணத்தை யார் உங்களிடம் கேட்டது, நல்லதோ கெட்டதோ? இருபத்திரண்டு வருஷம் உங்களுக்குச் சமைத்துப்போட்டேன், ஒருநாளாவது எனக்கு நல்ல சேலை வேண்டும் என்று நீங்கள் கோயிலில் கேட்டதுண்டா?

பீட்டி என்று எழுதாதீர்கள். அந்தப் பெயர் விசிறியோடு போய்விட்டது. விசிறியை நீங்களே வைத்திருங்கள்.

மருந்தைப் பற்றி அக்கறையாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆகவே சொல்கிறேன். ஆறு முறை முடிந்தது. ஸ்கானில் கட்டி திரும்ப வளரவில்லை. கிளினிக்கில் டொக்டர் துஷாந்தி இருக்கிறார், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முகத்துக்கு நேரே உண்மை பேசுகிறவர். இனி வீட்டில் ஓய்வெடுங்கள் என்று சொல்லி என் கோப்பை மூடப் போனார். அதுவரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மருந்து நாட்களில் வாயிலிருந்து வயிறு வரை துரு ஏறிக் கிடக்கும். போதும் என்றுதான் இருந்தது. அப்போது என் கைப்பையில் உங்கள் கடிதம் இருந்தது. போதும் என்று நீங்களும் எழுதியிருந்தீர்கள். நானும் நீங்களும் ஒரே விஷயத்தை விரும்புவதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டொக்டர், மருந்த நிப்பாட்ட வேணாம். இன்னும் குடுங்க" என்றேன்.

அவர் கோப்பைத் திரும்பத் திறந்தார். "ஆறோட நிப்பாட்டுறதுதான் வழமை. சில பேருக்கு அதுக்கு மேலயும் குடுக்கிறம். ஆனா அதால ஆயுள் கூடும் எண்டு நான் சத்தியம் பண்ணேலாது. இரத்தம் இன்னும் குறையலாம், திரும்பவும் காய்ச்சல் வரலாம். எல்லாரும் விட்டாப் போதும் எண்டுவினம், உங்களுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?"

"ஒரு கல்யாணத்த நிறுத்தணும் டொக்டர்."

"மகளின்ரயோ?"

"இல்ல. என் வீட்டுக்காரரோடது."

பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். இரத்தப் பரிசோதனைத் தாளை இன்னொரு தடவை பார்த்த பிறகு டொக்டர் சொன்னார்: "இரத்தம் ஏறித்தான் இருக்கு. சரி, எழுதுறன். ஆனா ஒவ்வொரு மாசமும் நான்தான் முடிவெடுப்பன், உங்கட கோவம் இல்ல."

கோர்ட்டுக்குப் போய் நீங்கள் விவாகரத்து வாங்கலாம். ஆனால் கோயிலுக்கு அது கணக்கில்லை, அங்கே நான் சாகும்வரை உங்கள் மனைவி. லிண்டாவின் அம்மா பூசைக் கல்யாணம் இல்லாமல் மகளைத் தரமாட்டாள் என்று ருக்கியா சொல்கிறாள். நல்ல அம்மா. நான் இருக்கும்வரை உங்களுக்குப் பூசை இல்லை. நான் இருப்பேன்.

பியட்றிஸ்


கலகெதர
02.05.2024

பியட்றிஸுக்கு,

நீ சொன்னபடி அந்தப் பெயரை எழுதவில்லை. சண்டை போட எனக்கு இப்போது தெம்பில்லை. ஒரு உதவி கேட்கிறேன்.

ஆயர் இல்லத்தில் கேட்டுப் பார்த்தேன். நம் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று கோயில் தீர்ப்புச் சொன்னால் எல்லாருக்கும் நிம்மதி. அதற்குக் காரணம் வேண்டும். உனக்குப் பிள்ளை பிறக்காது என்பது கல்யாணத்துக்கு முதலே உனக்குத் தெரியும், அதை மறைத்துத்தான் என்னைக் கட்டினாய் என்று ஒரு கடிதம் எழுதித் தந்தால் போதும். உனக்கு இதில் என்ன நட்டம்? இந்த நிலைமையில் யார் உன்னைக் குறை சொல்லப் போகிறார்கள்?

லிண்டா சின்னப் பெண். அவள் அம்மா தினமும் அழுகிறா. எனக்கும் ஐம்பத்தைந்து முடிகிறது. நீ மருந்தைக் குடித்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் பிடித்து வைத்திருக்கிறாய்.

இன்னும் எவ்வளவு காலம்?

கிளறன்ஸ்


அம்பிட்டிய
20.06.2024

கிளறன்ஸ் அவர்களுக்கு,

எழுதித் தரமாட்டேன்.

மறைத்தேனா? கல்யாணமாகி நாலாம் வருஷம் இரண்டு பேரையும் பரிசோதிக்க வேண்டும் என்று டொக்டர் கேட்டபோது நான் போனேன். என்னில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னார்கள். நீங்கள் வரவில்லை. "ஆம்பளைக்கு என்னத்த பாக்குறது" என்று சொல்லிவிட்டுக் கடையைத் திறக்கப் போனீர்கள். உங்கள் அக்கா என்னை மலடி என்று தெல்தோட்டை வரைக்கும் சொல்லித் திரிந்தா. அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த என் அம்மாவின் காதுக்கும் அது போனது. நான் வாய் திறக்கவில்லை, உங்கள் மானம் போகும் என்று. அந்த மானத்தை இத்தனை வருஷம் நான் தூக்கிச் சுமந்தேன். இப்போது அந்தப் பொய்யையே எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தரச் சொல்கிறீர்கள்.

லிண்டா மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். அவள் மேலும் கோபம்தான். தலையில் தையலோடு நான் கிடந்தபோது அவள் கடைக் காசுப் பெட்டியிலிருந்து அனுப்பிய சின்னச் சின்னச் சிரிப்புப் படங்களை உங்கள் போனில் பார்த்தவள் நான். அவள் வெள்ளை முக்காடு போட்டுப் பீடத்துக்கு முன்னால் நிற்கும் காட்சியை நினைத்துக்கொள்வேன். பிறகு அதை அழிப்பேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

நான் எப்படி மருந்து குடிக்கிறேன் என்று சொல்லவா? விடிய வெறும் வயிற்றில், வாந்திக்குத் தரும் குளிசையை முதலில் போட்டு, அது இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு மருந்துக் குளிசைகள். கடிக்கக்கூடாது, உடைக்கக்கூடாது, முழுசாக விழுங்க வேண்டும். என் தொண்டை பழகவே இல்லை. கையில் எடுத்ததும் உடம்பு பின்வாங்கும். அப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரியைச் சத்தமாகச் சொல்வேன். இன்னும் எவ்வளவு காலம்? சொன்னதும் குளிசை தானாக இறங்கும். உங்கள் வாயிலிருந்து வந்ததில் எனக்குப் பிரயோசனப்பட்ட ஒரே வார்த்தை அது.

இந்த மாதம் இரத்தம் குறைந்துவிட்டது, அடுத்ததைத் தள்ளிவைக்க வேண்டும் என்று டொக்டர் துஷாந்தி சொன்னார். மருந்து இல்லாத அந்தக் கிழமைகளில் நான் தூங்கவில்லை. கட்டி வளர்ந்துவிடுமோ என்ற பயத்தைவிட நீங்கள் சந்தோஷப்படுவீர்களோ என்ற பயம்தான். ருக்கியா ஈரல் சமைத்துக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "டீச்சர், அவர நெனச்சே மருந்து குடிக்கிறீங்க. அவர் இல்லாட்டி என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டு பரிமாறச் சொன்னேன்.

இரத்தம் ஏறிவிட்டது. நேற்றுத் திரும்பத் தொடங்கிவிட்டேன். இதை லிண்டாவின் அம்மாவிடமும் சொல்லுங்கள்.

பியட்றிஸ்


கலகெதர
26.10.2024

அன்புள்ள பியட்றிஸ்,

இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் கடைசிவரை படி.

லிண்டா போய்விட்டாள். போன மாதம் குருநாகலில் அவளுக்குக் கல்யாணம். பையன் அங்கே வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறான். பெரிய கோயிலில், பாட்டுக்காரர்களோடு, பூசைக் கல்யாணம். எனக்குச் சொல்லவும் இல்லை. கடைக்கு வந்த ஒருவர் போனில் படம் காட்டினார். அவள் அம்மா என்னைப் பார்த்து, "உங்க பொஞ்சாதி போற மாதிரி தெரியல்ல, எங்க புள்ளைக்கு வயசு போகுது" என்று சொன்னபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

நீ ஜெயித்துவிட்டாய். போதுமா?

எனக்குச் சீனி வருத்தம் கூடிவிட்டது. காலில் ஒரு புண், மூன்று மாதமாக ஆறவில்லை. மருந்து கட்ட ஆள் இல்லை. கடையை மூடிவிட்டு வந்து படுத்தால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நீ ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தது அப்போதுதான் எனக்கு நினைவு வருகிறது. அதை இவ்வளவு பிந்தி நினைத்ததற்கு என்னை மன்னித்துக்கொள்.

நான் வீட்டுக்கு வருகிறேன். கோயில் கணக்கில் இன்னும் நீ என் மனைவிதானே, நீயே எழுதியிருக்கிறாய். உன்னைக் கிளினிக்குக்கு நானே கூட்டிப்போவேன். குளிசை குடிக்கத் தண்ணீர் எடுத்துத் தருவேன். இருக்கும் காலத்தை இரண்டு பேருமாக இருந்து கழிப்போம். விசிறியைத் துடைத்து வைத்திருக்கிறேன், கொண்டுவந்து நானே மாட்டித் தருகிறேன்.

கடைசி ஸ்கான் என்ன சொல்கிறது? அதையாவது எழுது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

உன்,
கிளறன்ஸ்


அம்பிட்டிய
05.11.2024

அமரர் கிளறன்ஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் சிரித்தேன். முற்றத்தில் நின்று, தபால்காரன் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். குருநாகலில் பாட்டுக்காரர்களோடு பூசை! வீட்டுக்குள் வந்து இன்னொரு தடவை படித்தேன். காலில் புண் என்ற இடத்தில் நிறுத்தி, திரும்பவும் அந்த இடத்தையே படித்தேன். இதற்காகத்தான் இத்தனை மாதம் துருவை விழுங்கினேன், கிளறன்ஸ். பலன் கிடைத்துவிட்டது.

அடுத்த நாள் விடிய பன்னிரண்டாவது முறைக்கான மருந்து. குளிசையைக் கையில் எடுத்தேன். வழக்கம்போல உங்கள் கேள்வியைச் சொல்லப் பார்த்தேன். வாயில் வரவில்லை. இனி யாருக்கு நான் தடையாக இருப்பது? லிண்டா போய்விட்டாள். நீங்கள் காலைக் கட்டிக்கொண்டு என் வாசலைப் பார்த்து இருக்கிறீர்கள். குளிசை உள்ளங்கையிலேயே கிடந்தது. இந்த நோய் வந்த நாளிலிருந்து நான் உண்மையாகப் பயந்தது அந்தக் காலையில்தான். கோபம் இல்லாவிட்டால் எனக்குள் ஒன்றுமே இல்லையோ என்று பயந்தேன். ருக்கியா கேட்ட கேள்விக்கு நான் அன்றைக்கே பதில் யோசித்திருக்க வேண்டும்.

பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. ஐந்து நாள் மருந்து முடிந்து ஆறாம் நாள் விடிய நான் ஒரு தேத்தண்ணி ஊற்றுவேன். அன்றைக்குத்தான் வாயில் ருசி திரும்பும். கொழுந்து பறித்த கைகள் வளர்த்த பிள்ளை நான், தேத்தண்ணியில் என்னை ஏமாற்ற முடியாது. அந்த முதல் வாய் இருக்கிறதே, அதற்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு அது வேண்டும் என்று தோன்றியது. இன்னொரு ஆறாம் நாள் வேண்டும், அதற்குப் பிறகும் இன்னொன்று வேண்டும். குளிசையை வாயில் போட்டேன். கஷ்டப்பட்டுத்தான் இறங்கியது, ஆனால் இறங்கியது.

ஸ்கான் எடுத்தாகிவிட்டது. டொக்டர் துஷாந்தி படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். அது என்ன என்று உங்களுக்கு எழுதமாட்டேன். நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் அது எனக்குரிய செய்தி. ருக்கியாவுக்குத் தெரியும், அவள் உங்கள் கடை வாசலைக் கடந்துதான் தினமும் பஸ்ஸுக்குப் போகிறாள். கேட்டுப் பாருங்கள், சொல்கிறாளா என்று.

வீட்டுக்கு வரவேண்டாம். பூட்டை மாற்றிவிட்டேன். உங்கள் காலுக்கு மருந்து கட்டப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது, போங்கள். அந்த மணம் பழகிவிடும், எனக்குப் பழகிவிட்டது. மின்விசிறியும் உங்களிடமே இருக்கட்டும். நீங்கள் போகப்போகிற இடத்தில் சூடு அதிகம் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம்.

கடைசியாக ஒரு செய்தி. இரண்டாம் திகதி இறந்த விசுவாசிகளின் திருநாள். வழக்கம்போலக் கோயில் வாசலில் பெட்டி வைத்திருந்தார்கள், அவரவர் வீட்டு மரித்தோரின் பெயர்களை எழுதிப் போடுவதற்கு. என் அம்மாவின் பெயரை எழுதினேன். அப்பாவின் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே கிளறன்ஸ் என்று எழுதினேன். பாதர் பீடத்தில் நின்று ஒவ்வொரு பெயராக வாசித்தார். உங்கள் பெயரும் வந்தது. சபை முழுக்க உங்கள் ஆத்துமாவுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டது. நானும் கேட்டேன். நீங்கள் அன்று எனக்காகத் தலையாட்டினீர்கள், நான் உங்களுக்காக வாயைத் திறந்தே சொன்னேன்.

பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். கையைப் பிடித்தார்கள், ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள்.

"ஐயோ டீச்சர், சொல்லவே இல்லையே! அவரு எப்ப போனாரு?"

"போயி ஒரு வருஷத்துக்கு மேலாச்சு" என்றேன். "எனக்குத்தான் இப்ப தெரிஞ்சிச்சு."

இன்று ஆறாம் நாள். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கிளறன்ஸின் விதவை,
பியட்றிஸ்